‘அப்பா மீன் பிடிக்கப் போயிருக்கிறார்’: போரைப் பற்றிப் பேசாத அப்பாக்களும் அவர்களுடைய மகன்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்று ஒரு சிற்றூர். அங்கே இறுதிச்சடங்கு நிலையம் நடத்திவந்தவர் ஜான் பிராட்லி, எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன். வீட்டில் போன் அடித்து, பேசுகிறவர் பத்திரிகைக்காரர் என்று தெரிந்தால் பிள்ளைகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். ‘அப்பா கனடாவுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார்.’ அப்பா பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்.

பத்திரிகைக்காரர்கள் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில், சுரிபாச்சி மலை உச்சியில் ஆறு வீரர்கள் அமெரிக்கக் கொடியை நட்டதை ஜோ ரோசென்தால் படம் பிடித்தார். உலகிலேயே அதிகம் அச்சான போர்ப் படங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆறு பேரில் ஒருவர் என்று அரசாங்கம் அடையாளம் காட்டியவர் பிராட்லி. கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டை போடும் மரைன் படையோடு அனுப்பப்பட்ட கடற்படை மருத்துவ உதவியாளர் அவர். 36 நாள் நடந்த அந்தச் சண்டையில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் கிட்டத்தட்ட 6,800 பேர் செத்தார்கள். கொடி நட்ட ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவை விட்டுத் திரும்பவே இல்லை.

1994 ஜனவரியில் பிராட்லி இறந்தார். அவர் விட்டுப்போன பொருட்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவருக்கு ‘நேவி கிராஸ்’ கிடைத்திருந்த விஷயமே குடும்பத்துக்குத் தெரிந்தது. அமெரிக்கக் கடற்படை தரும் இரண்டாவது பெரிய வீரப் பதக்கம் அது. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடிப்போய் அடிபட்டவரைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தது. அதை ஏறக்குறைய 50 ஆண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கல்யாணமான புதிதில் நாலு வருடம் அவர் தூக்கத்தில் அழுவார் என்பதை அவருடைய மனைவி பிறகு சொல்லியிருக்கிறார்.

அப்பா சொல்லாமல் விட்டதை மகன் தேடித் தேடிச் சேர்த்து எழுதிய புத்தகம் 2000-ல் வந்து பெரிதாக விற்றது. ஆனால் 2016-ல் மரைன் படை மறுபடியும் விசாரித்து, அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பது பிராட்லி அல்ல என்று அறிவித்தது. அவர் இருந்தது அதற்குச் சில மணி நேரம் முன்பு நட்ட முதல் கொடியின் பக்கத்தில். படத்தில் இருந்த ஆளின் பெயர் ஹரால்ட் ஷுல்ட்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர், 1995-லேயே இறந்துவிட்டார். அவரும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வளர்ப்பு மகளிடம் போகிற போக்கில் சொன்னாராம். “அப்படியென்றால் நீங்கள் ஹீரோ” என்றாள் அவள். “இல்லை, நான் ஒரு மரைன்” என்றார் அவர். பேச்சு அதோடு சரி. 2019-ல் இன்னொரு பெயரும் மாறியது. படத்தில் இருந்தவர் ஹரால்ட் கெல்லர் என்று தெரியவந்தபோது அவர் இறந்து 40 ஆண்டு ஆகியிருந்தது. அவர் வீட்டுக்கும் அது புதுச் செய்திதான்.

ஒரே படம். அதற்குள் இருந்த இருவரும், இருப்பதாக நம்பப்பட்ட ஒருவரும் வீட்டில் வாய் திறக்கவில்லை. இதை அடக்கம், தன்னடக்கம் என்று மெச்சிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது போதவில்லை. இந்த மௌனம் எப்படி உருவாகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் மகனிடம் அது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஏன் பேசுவதில்லை?

முதல் காரணம் மருத்துவக் கையேட்டிலேயே இருக்கிறது. கண்ணெதிரே சாவைப் பார்த்தவர்களுக்கு வரும் மனப் பாதிப்பை இன்று பிடிஎஸ்டி என்கிறோம். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் முதன்முதலாக இந்தப் பெயரைச் சேர்த்தது. அதற்கு முன்பும் நோய் இருந்தது, பெயர்தான் போருக்குப் போர் மாறியது. முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’, இரண்டாம் உலகப் போரில் ‘போர்ச் சோர்வு’. வியட்நாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1970-ல் நியூயார்க்கில் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாடன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். 1980-ல் அந்தப் பெயர் கையேட்டுக்குள் நுழைந்ததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம்.

இன்றைய கையேடு பிடிஎஸ்டியின் அறிகுறிகளை நாலு கூட்டமாகப் பிரிக்கிறது. கெட்ட கனவும் வேண்டாத நினைவும் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. எப்போதும் உடம்பு விறைத்திருப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, எரிந்து விழுவது இன்னொன்று. மனம் மரத்துப்போய் சந்தோஷமோ பாசமோ தட்டுப்படாமல் போவது, எல்லாத் தப்பும் தன்மேல்தான் என்று நினைப்பது மூன்றாவது. மிச்சமிருப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். அந்தச் சம்பவத்தை நினைவுபடுத்தும் பேச்சு, இடம், ஆள், வாசனை எல்லாவற்றையும் தவிர்ப்பது. ஆக, பேசாமல் இருப்பதே நோயின் ஒரு அங்கமாக இருக்கலாம். ‘அப்பாவுக்கு நோய் எதுவும் இல்லை, போரைப் பற்றிப் பேச மாட்டார், அவ்வளவுதான்’ என்கிற வீட்டார், அறிகுறியையே ஆரோக்கியத்துக்குச் சாட்சியாகக் காட்டிவிடுகிறார்கள்.

சாதாரண நினைவு கதைபோல இருக்கும், ஆரம்பம் முடிவு உண்டு. சொல்லச் சொல்லச் சூடும் தணியும். சாவுக்கு அருகில் நின்ற நினைவு பலருக்கு அப்படி அடுக்கி வைத்ததாக இருப்பதில்லை. டீசல் வாடையாக, ஒரு அலறலாக, கையில் பட்ட ஈரமாகத் துண்டு துண்டாக வந்து விழும். நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்கிற மகனுக்கு அது நடந்து முடிந்த விஷயம். அப்பாவுக்கு அது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது குற்ற உணர்ச்சி. பிராட்லியின் நண்பர் ஒருவர் இவோ ஜிமாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு இறந்தார். அந்த உடலை அப்பா பார்த்தார் என்று மகன் எழுதியிருக்கிறார். மருத்துவ உதவியாளர் என்றால் உயிரைக் காப்பாற்றுவதுதான் வேலை. காப்பாற்ற முடியாதவர்களின் கணக்கு அவர் மனசில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஊர் அவரை ஹீரோ என்கிறது, அவருக்கோ உண்மையான ஹீரோக்கள் திரும்பி வராதவர்கள். பாராட்டு கூடக்கூட வாய் இன்னும் இறுகியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தான் செய்தது, செய்யத் தவறியது, மேலதிகாரி செய்யவைத்தது ஆகியவை மனசாட்சியில் உண்டாக்கும் காயத்தைப் பயத்தால் வரும் பாதிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர் ஜோனதன் ஷே. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர். பயத்தைச் சொல்லிவிடலாம். வெட்கத்தைச் சொல்வது கஷ்டம், அதுவும் பெற்ற பிள்ளையிடம்.

மூன்றாவது காரணத்தை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். யாரும் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை போட்டவர்கள் சுமார் 1.6 கோடி பேர். திரும்பி வந்ததும் அரசாங்கம் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழி செய்தது, அழுவதற்கு இடம் செய்யவில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில் 1943 ஆகஸ்டில் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய், நரம்பு தளர்ந்து படுத்திருந்த இரண்டு சிப்பாய்களைக் கோழைகள் என்று திட்டி அறைந்தார். அதில் ஒருவருக்கு மலேரியா வேறு. 1946-ல் ராணுவமே பணம் போட்டு, மனம் உடைந்த வீரர்களின் சிகிச்சையைப் பற்றி இயக்குநர் ஜான் ஹூஸ்டனைக் கொண்டு ஒரு ஆவணப்படம் எடுத்தது. எடுத்த படத்தை அதே ராணுவம் பூட்டி வைத்தது. வெளியே வர 1980 டிசம்பர் ஆனது, நோய்க்குப் பெயர் கிடைத்த அதே வருடம். அந்தப் படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் இயக்குநரின் அப்பா வால்டர் ஹூஸ்டன். அரசாங்கமே பூட்டி வைத்ததை ஆன்டிகோவில் ஒரு மனிதர் சாப்பாட்டு மேஜையில் திறந்து காட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மகனுக்குப் போய்ச் சேர்வது

இப்படிப்பட்ட வீடுகளில் போரின் விவரம் மகனுக்குத் தெரியாது. போரின் பழக்கங்கள் எல்லாம் அத்துப்படி. அப்பாவைத் தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது, தள்ளி நின்று கால் விரலைத் தொட வேண்டும், இல்லையென்றால் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். ஓட்டலில் அவர் சுவருக்கு முதுகைக் கொடுத்து, கதவு தெரியும்படிதான் உட்காருவார். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று ஊரே வாணவேடிக்கை பார்க்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். இதெல்லாம் ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கேட்கக் கூடாது என்பதும் சொல்லாமலே தெரிந்திருக்கும். ‘அப்பா களைப்பா இருக்கார், சத்தம் போடாதே’ என்று அம்மா நடுவில் நின்று அணை கட்டுவாள்.

குழந்தைக்குத் தன்னைச் சுற்றித்தான் உலகம் சுழலும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு 20 வருடம் முந்திய ஒரு தீவு காரணமாக இருக்கும் என்று ஆறு வயசுப் பையனுக்குத் தோன்றாது. நான் ஏதோ தப்புச் செய்தேன், இல்லாவிட்டால் என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். பாதிப்பு நடக்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். போர்க் கதை கிடைக்காதது பெரிய இழப்பு இல்லை. அப்பாவின் நடத்தைக்கு விளக்கம் கிடைக்காததுதான் இழப்பு. விளக்கம் இல்லாத இடத்தில் பையன் தானாக ஒன்றை எழுதிக்கொள்கிறான், அதில் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான்.

வெளியிலிருந்து பார்த்தால் அப்பாவின் கோபம்தான் பெரிய பிரச்சினை என்று தோன்றும். வியட்நாம் வீரர்களை வைத்து 2002-ல் வெளியான ஒரு ஆய்வில் வேறு விடை வந்தது. பிடிஎஸ்டி அறிகுறிகளில் பிள்ளைகளோடுள்ள உறவை அதிகம் கெடுத்தது மனம் மரத்துப்போவதுதான். யோசித்தால் புரியும். கத்துகிற அப்பாவோடு சண்டையாவது போடலாம். பள்ளிக்கூட நாடகத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கார் ஓட்டிக்கொண்டு போகிற அப்பாவை என்ன செய்வது? துயரத்தை உணராமல் இருக்க மனசு போட்டுக்கொண்ட தடுப்பு, பாசத்தையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

பேசுகிற அப்பாக்களின் மௌனம்

எல்லா அப்பாவும் ஊமையாக இருப்பதில்லை. சிலர் நிறையப் பேசுவார்கள், சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தக் கதைகளில் மழை இருக்கும், மோசமான சாப்பாடு இருக்கும், முட்டாள் அதிகாரி இருப்பார். பயம் மட்டும் இருக்காது. சாகசமும் மௌனத்துக்குப் போட்ட உறைதான்.

அமெரிக்க மரைன் படையின் மிகப் பெரிய ஜாம்பவான் ‘செஸ்டி’ புல்லர். பசிபிக் தீவுகளான குவாடல்கனால், பெலலியூ, பிறகு கொரியா என்று சண்டை போட்டவர், மொத்தம் ஐந்து நேவி கிராஸ் வாங்கியவர். இன்றும் பயிற்சி முகாமில் புதுச் சிப்பாய்கள் படுக்கப்போகுமுன் அவருக்குக் குட் நைட் சொல்வது வழக்கம். அவருடைய சொந்தத் தம்பி 1944-ல் குவாம் தீவுச் சண்டையில் செத்தார். இப்படி ஒரு பெயரைச் சுமந்து வளர்ந்த மகன் லூயிஸ் புல்லர் ஜூனியர் கல்லூரி முடித்ததும் மரைனில் சேர்ந்தார், வியட்நாம் போனார். போய்ச் சில மாதங்களிலேயே, 1968 அக்டோபரில், மறைத்து வைத்திருந்த பீரங்கிக் குண்டில் காலை வைத்தார். இரண்டு கால்களும் போயின, கைகளிலும் பல விரல்கள் போயின.

மருத்துவமனையில் முதன்முறையாக மகனைப் பார்த்தபோது அந்தக் கிழச்சிங்கம் உடைந்து அழுதது. தன் உடம்பில் பட்ட எந்தக் காயத்தையும்விட அது அதிகம் வலித்தது என்று மகன் எழுதியிருக்கிறார். அதே அப்பாதான் 1966-ல், 68 வயதில், வியட்நாமுக்கு என்னை அனுப்புங்கள் என்று கேட்டு, வயதாகிவிட்டது என்று மறுக்கப்பட்டவர். 1971-ல் அவர் இறந்தார். மகன் வக்கீல் ஆனார், தேர்தலில் நின்று தோற்றார், குடியில் விழுந்து எழுந்தார், சுயசரிதைக்கு 1992-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். 1994 மே மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இந்த மரணத்துக்கு அப்பாவின் மௌனம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஒன்றை மட்டும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் அப்பாக்களின் பிள்ளைகள்தான் வியட்நாம் தலைமுறை. அப்பா சொல்லாமல் விட்ட இடத்தை அவர்களுக்கு நிரப்பியவை சினிமாவும் பதக்கமும் சிலையும். யுத்தம் என்றால் இப்படித்தான் என்று அந்தப் பையன்கள் வேறு யாரிடம் கற்றிருக்க முடியும்?

அளவு தெரிந்து பேச வேண்டிய இரண்டு விஷயம்

போருக்குப் போன எல்லோருக்கும் பிடிஎஸ்டி வருவதில்லை. வியட்நாம் வீரர்களைப் பற்றி 1988-ல் முடிந்த தேசிய ஆய்வு, ஆண்களில் 30 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்ததாகவும், ஆய்வின்போது 15 சதவீதம் பேருக்கு இருந்ததாகவும் சொன்னது. அதே தரவை இன்னும் கறாராக அலசிய 2006 ஆய்வு, வாழ்நாள் கணக்கை 19 சதவீதத்துக்கும் அப்போதைய கணக்கை 9 சதவீதத்துக்கும் குறைத்தது. எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மை இல்லை. பேசாத அப்பாக்களில் சிலர் சும்மா பேசாதவர்கள். போருக்குப் போகாமல் இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ‘போர் மரபணு வழியாகப் பிள்ளைக்கு இறங்குகிறது’ என்று அடிக்கடி கண்ணில் படும் செய்தி. இதற்குச் சுவாரசியமான ஆதாரம் ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரியின் சிறைமுகாமில் பட்டினி கிடந்த வடக்குப் படை வீரர்களின் பிள்ளைகளைப் பற்றி 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. மிக மோசமான காலத்தில் சிறைப்பட்டவர்களுக்குப் போருக்குப் பின் பிறந்த மகன்கள், சிறைப்படாத வீரர்களின் மகன்களைவிட, 45 வயதுக்கு மேல் எந்த வயதிலும் இறக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொண்டிருந்தார்கள். மகள்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆராய்ந்தவர்கள் இதை, மரபணு மாறாமல் அது வேலை செய்யும் விதத்தை மட்டும் மாற்றும் தடயத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ஆனால் அவர்களிடம் இருந்தது பழைய ஆவணம், ரத்த மாதிரி இல்லை. என்னைக் கேட்டால், வீட்டில் நடப்பதை விளக்க முதலில் வீட்டையே பார்ப்பது நல்லது.

எப்படிக் கேட்பது?

எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கு நம்மூர்க் கல்யாண வீடு நல்ல உதாரணம். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர் வந்து உட்கார்ந்ததும், “மாமா, எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று ஒரு இளவட்டம் ஆரம்பிக்கும். அவர் சிரித்து மழுப்பிவிட்டு இலை போட்டாச்சா என்று பார்ப்பார். உலகம் பூராவும் போர் வீரர்கள் வெறுக்கும் கேள்வி இதுதான்.

சின்னக் கேள்விதான் பெரும்பாலும் வேலை செய்யும். அங்கே என்ன சாப்பிட்டீர்கள், பூட்ஸ் நனைந்தால் என்ன செய்வீர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் பெயர் என்ன. எதிரெதிரே உட்காராமல், கார் ஓட்டும்போதோ ஏதாவது ரிப்பேர் செய்யும்போதோ கேட்டால், கண்ணைப் பார்க்காமல் பதில் சொல்லலாம். பாதியில் நிறுத்தினால் விட்டுவிட வேண்டும். அழுதால் பேச்சை மாற்றி ஆறுதல் சொல்ல அவசரப்படக் கூடாது. இத்தனை வருடம் அவர் பயந்தது அதைத்தானே, சொன்னால் பிள்ளை தாங்க மாட்டான் என்று. முழுக் கதையும் மகனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “நான் எரிந்து விழுவது உன்னால் இல்லை, எனக்குப் போரிலிருந்து வந்த வியாதி அது” என்ற ஒரே வாக்கியம் பல குடும்பங்களுக்குப் போதும். மிச்சத்தைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் சொல்லலாம். அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சைகள் பிடிஎஸ்டிக்கு நன்றாக வேலை செய்வது நிரூபணமாகியிருக்கிறது.

வயதும் உதவும், சில சமயம் உபத்திரவமும் செய்யும். வேலை இருந்தவரை அடங்கிக் கிடந்த நினைவுகள் ஓய்வு பெற்ற பிறகு, மனைவி போன பிறகு, கிளம்பி வருவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எழுபது வயசில் திடீரென்று அப்பா தூக்கம் கெட்டு உட்கார்ந்தால் அதையும் யோசிக்க வேண்டும். அந்த வயசில்தான் பழைய படைப்பிரிவுக்காரர்கள் ஒன்றுகூடும் கூட்டங்களுக்கும் போகத் தொடங்குகிறார்கள். கூட இருந்தவனிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா இறந்த பிறகு தேட ஆரம்பிக்கும் மகன்களும் மகள்களும் அமெரிக்காவில் ஏராளம். செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு விண்ணப்பித்தால் அப்பாவின் ராணுவக் கோப்பு கிடைக்கும். ஆனால் 1973 ஜூலையில் அங்கே பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடிக் கோப்புகள் வரை எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். அப்படி எரிந்தவற்றைச் சம்பளப் பட்டியலையும் அன்றாட வருகைப் பதிவையும் வைத்து ஓரளவு மறுபடி கட்டித் தருகிறார்கள். எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் இருந்தார், எப்போது மருத்துவமனையில் கிடந்தார் என்பது வரைக்கும் தெரியவரும்.

அப்பா உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி, 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தொடங்கிய வீரர்கள் வரலாற்றுத் திட்டம். அந்த நாடாளுமன்றத்தின் நூலகமான ‘லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்’ நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் ஒரு முன்னாள் வீரரை உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். பேச்சு குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. கேள்வி கேட்கப் பேரனையோ பேத்தியையோ அனுப்புங்கள். மகனிடம் சொல்லாததைப் பேரப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிற தாத்தாக்கள் நிறையப் பேர். அந்த முகத்தில் பழைய மனத்தாங்கல் எதுவும் இல்லை, பதிலுக்காக 40 வருடம் காத்திருந்த களைப்பும் இல்லை.